கேசிங்கை மூடுமுன்

கணினியை நாமே பூட்டினால் மட்டும் கண்ணில் படுகிற ஒரு விஷயம் உண்டு. இன்டெல் ப்ராசஸர்களின் உலோக மூடியில் ரகமும் வேகமும் பொறித்த வரிகளை ஒட்டி, அது எந்த நாட்டில் முழு வடிவம் பெற்றது என்று பொடி எழுத்தில் இருக்கும். என் கைக்கு வந்தவற்றில் பலதில் மலேசியா என்பதன் சுருக்கம் இருந்தது. அதன்மேல் ஒரு துளி தெர்மல் பேஸ்ட் வைத்து ஹீட்சிங்கை அழுத்திப் பூட்டினால் எழுத்து மறைந்துவிடும். பிறகு ப்ராசஸரை மாற்றும் நாள்வரை யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

பூட்டி வந்த கணினி வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரே இடத்தில் உத்தரவாதம், கொண்டுபோய் வைத்தால் ஓடும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி மலேசியாவில், கணினி வாங்க ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கலாம் என்று விட்டார்களே, எங்கள் தோட்ட லயத்துக்கு முதல் கணினி அப்படித்தான் வந்தது. பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழிந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று வருடக்கணக்கில் யாரும் அதைத் திறக்கவேயில்லை. சில பெட்டிகளைத் திறந்தும் பயனில்லை. மதர்போர்டின் அளவும் பவர் சப்ளையின் இணைப்பும் அந்த ஒரு மாடலுக்கென்றே செய்யப்பட்டிருக்கும். வெளியில் வாங்கிய எதுவும் பொருந்தாது. நாமே தேர்ந்து வாங்கினால் நல்ல கேசிங்கும் பவர் சப்ளையும் இரண்டு மதர்போர்டுகளுக்கு ஈடுகொடுக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுள்ள 2017-ஆம் வருடத்து போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022-இல் வந்த ப்ராசஸரைப் போட முடிந்தது. எனக்கு இது பெரிய மரியாதையாகவே படுகிறது, வாங்கியவனுக்கும் பொருளுக்கும்.

அந்தப் பொடி எழுத்துக்கு வருகிறேன். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் தொழிற்சாலை பினாங்கு பாயான் லெப்பாஸில், 1972-இல். ஏஎம்டி வந்ததும் அதே ஆண்டு. 1975-இல் இன்டெல் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது, மறுபடி கட்டினார்கள். 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின் இந்த வேலை எங்கள் கெடாவுக்குள்ளேயே வந்தது. சிலிக்கான் வேறு நாட்டில் செய்யப்பட்டு வரும். அதை அறுத்து, அடித்தளத்தில் பொருத்தி, மூடி போட்டு, சோதித்து அனுப்புவது இங்கே.

என் சின்னம்மா பாயான் லெப்பாஸில் அப்படி ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்தவர். பீடோங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து இருட்டோடு ஃபேக்டரி பஸ் ஏறுவார். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி. வேலை, பாண்டிங் பிரிவில்: மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் சிப்பையும் வெளிக்கால்களையும் இணைக்க வேண்டும். நாள் முழுக்க ஒளிவட்டத்தையே பார்த்த கண் ராத்திரியில் எரியும் என்பார். போன வருடம் நான் புது ப்ராசஸரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் கொடுத்தேன். ஓரத்தை மட்டும் பிடித்தார். யாரும் சொல்லித் தரவில்லை, நாற்பது வருடத்துக்கு முந்தைய பழக்கம். எழுத்தைப் படித்ததும் முகம் மலர்ந்தது. திருப்பிப் பார்த்தார். காலே இல்லை, வரிசை வரிசையாகத் தங்க நிறப் புள்ளிகள்.

“கம்பியெல்லாம் எங்க தம்பி?”

இப்போது சிப்பைக் குப்புறக் கவிழ்த்து, அடியிலுள்ள நுண்ணிய சோல்டர் மொட்டுகளை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள், கம்பிக்கு வேலையில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்தப் புள்ளைங்க கண்ணு தப்பிச்சுது,” என்றார். தன் கைத்தொழில் போய்விட்டதே என்று வருந்துவார் என நினைத்திருந்தேன். அவருக்கு முதலில் தோன்றியது இது.

அவருடைய அம்மா, என் பாட்டி, ரப்பர் மரம் சீவியவர். பெரட்டில் பெயர் பதிந்து, தலைவிளக்கோடு நிரைக்குள் போவார். விடியலில்தான் பால் நன்றாக ஓடும். பட்டைக்குள் பால்குழல்கள் நெருக்கமாக இருப்பது உள்தோலை ஒட்டித்தான். கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர்வரை போக வேண்டும், ஆனால் படக்கூடாது. பட்டால் காயம் முடிச்சாக ஆறும், பிறகு அந்த இடத்தில் புதுப்பட்டை வளர்ந்தாலும் ஒழுங்காகச் சீவ முடியாது. மங்கில் பால் குறைந்தாலும் திட்டு, மரம் காயப்பட்டாலும் திட்டு. இந்தக் கை நிதானத்தைத்தான் பாயான் லெப்பாஸுக்குப் பஸ் பஸ்ஸாக ஏற்றிப் போனார்கள் என்று நான் நம்புகிறேன். தோட்டப் பெண்களுக்குத் தொழில் தெரியாது என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

சின்னம்மாவின் பேத்தி இந்த வருடம் கூலிமில் பாலிடெக்னிக் சேர்கிறாள். தவணையில் மடிக்கணினி வாங்கலாம் என்பது அவள் அப்பாவின் கட்சி. வீட்டிலிருந்தே போய்வரப் போகிறாள், மேசைக் கணினி போதும், அதையும் அவளே பூட்டட்டும் என்பது என் கட்சி. கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம். எட்டு ஜிபி ரேம் ஒன்று போட்டு, பக்கத்து ஸ்லாட்டைக் காலியாக விடலாம். பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் கூடாது. அவள் அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை சுங்கைப் பட்டாணிக்குப் போய் விலை கேட்டு வருகிறோம். சின்னம்மாவும் வருகிறார், அவர் எங்கள் பக்கம்.