அப்பாவின் இரண்டாவது பி.எஃப்.

மதுரைப் பக்கம் கல்யாணச் செலவைக் குறைக்க நினைக்கும் பிரம்மச்சாரிகள், ஜாதகத்துக்கு முன்னால் வீட்டு மொய் நோட்டை ஒரு தடவை புரட்டிவிடுவது நல்லது.

எனக்கு நிச்சயமானதும், "ரிஜிஸ்தர் ஆபீஸ்ல முடிச்சுக்கிட்டு, சாயங்காலம் நாற்பது பேருக்கு டிபன் குடுத்துடலாம்ப்பா" என்றேன். அப்பா ரிட்டயராக ஒன்றரை வருஷம்தான் பாக்கி. பி.எஃப். பணத்தில் கை வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். சட்டத்தையும் துணைக்கு இழுத்தேன். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் வந்த திருத்தப்படி, புரோகிதரும் வேண்டாம், ஹோமமும் வேண்டாம். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும்.

அப்பா வாயே திறக்கவில்லை. அம்மாதான் பீரோவிலிருந்து நோட்டை எடுத்து என் மடியில் போட்டாள்.

இருபத்தாறு வருஷக் கணக்கு! மேலூர், சோழவந்தான், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று ஊர் ஊராக 51, 101, 501. காதுகுத்து, சடங்கு, புதுவீடு எதையும் அப்பா விட்டுவைக்கவில்லை. கூட்டிப் பார்த்தேன். மூன்று லட்சத்துச் சொச்சம்.

"உங்கப்பாவுக்கு ரெண்டு பி.எஃப். ஒண்ணு ஆபீஸ்ல கெடக்கு. இன்னொண்ணு இது. நாற்பது பேரைக் கூப்பிட்டா மிச்சப் பேருகிட்ட யாருடா போய் வாங்குறது?"

வாஸ்தவம்தானே? பத்திரிகை வைக்காத வீட்டுக்கு யார் மொய் செய்வார்கள்? சித்திரைத் திருக்கல்யாணத்தில் மீனாட்சியம்மனுக்கே ஜனங்கள் மொய் எழுதுகிற ஊர் இது!

ஆக, இலையில் கை வைக்க முடியாது. பந்தி குறைந்தால் மொய் குறையும். மொய் நோட்டின் கண்ணில் படாத செலவாகத் தேடினேன். முதலில் போனது முதல் நாள் ரிசப்ஷன். அதோடு பாட்டுக் கச்சேரி, ஒரு வேளைச் சாப்பாடு, பாதி மண்டப வாடகை எல்லாம் போயிற்று. தாலி கட்டுவதைத் திருப்பரங்குன்றம் கோயிலில் வைத்துக்கொண்டதால் மேடை அலங்காரமும் மிச்சம். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த தலம் என்பதால் முகூர்த்த நாளில் அங்கே ஜோடிகளுக்குப் பஞ்சமே இல்லை. பட்டு வேட்டிக் கூட்டத்தில் என் தாய்மாமாவே வேறொரு மாப்பிள்ளைக்கு மாலையைப் போடப் போனார்!

தேதி விஷயத்தில் மட்டும் அப்பாவோடு நாலு நாள் மல்லுக்கட்டினேன். அவருக்குத் தை மாசம்தான் வேண்டும். பனிக்காலத்தில் மல்லிகை விளைச்சல் படுத்துவிடும். முகூர்த்தமும் சேர்ந்தால் மாட்டுத்தாவணியில் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. வெயில் காலத்தில்தான் பூ கொட்டும். வைகாசிக்கு இழுத்து வந்தேன். வேர்த்துக் கொட்டியது என்னவோ நிஜம்.

கம்ப்யூட்டர் மொய் வைத்து ரசீது கொடுக்கலாம் என்றார் சித்தப்பா. வேண்டாமென்று ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரை உட்கார வைத்தேன். ஒருவன் எழுத, ஒருவன் எண்ண. கூலி, இரண்டாவது தடவை பாயசம்.

வந்த மொய், சாப்பாட்டுச் செலவையும் மண்டபத்தையும் கட்டி, நகைக்கடை பாக்கியில் கொஞ்சத்தையும் அடைத்தது. ஆபீஸ் பி.எஃப். அப்படியே இருக்கிறது. அம்மா பழைய நோட்டில் திரும்பி வந்த பேர்களுக்கெல்லாம் பென்சிலால் டிக் போட்டாள். கூடுதலாகச் செய்தவர்களை ஒரு புது நோட்டில் தனியாக எழுதி, அட்டையில் என் பெயரைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

வருகிற ஆவணிக்கு மட்டும் ஏழு பத்திரிகை வந்திருக்கிறது.