அறுபது நாள்

வேலை போன மறுநாள் ஒரு கிழங்கு வாங்கினேன். ஹார்டுவேர் கடைக்குப் போனது பனி தள்ளும் ஷவலுக்காக. கல்லா அருகே அமரிலிஸ் கிழங்குகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். பெரிய வெங்காயம் மாதிரி இருந்தது. ‘ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பூக்கும்’ என்று அட்டையில் போட்டிருந்தது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். எனக்கும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் இருந்தது.

நவம்பர் 18ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குப் பதினைந்து நிமிட வீடியோ அழைப்பு. ஒன்பதரைக்கு லேப்டாப் பூட்டிக்கொண்டது. எச்1பி விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறொரு நிறுவனம் மனு போட வேண்டும். இல்லையென்றால் கிளம்ப வேண்டும். மனைவியின் விசாவும் என்னுடையதைப் பிடித்துக்கொண்டு நிற்பது. எங்கள் இருவருக்கும் விமான டிக்கெட் எடுத்துவிடலாம். மணியையும் ஜிம்மியையும் என்ன செய்வது?

மணி பதினோரு வயது கறுப்பு லேப்ரடார். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. ஜிம்மி மூன்று வயது பீகிள். பனியைக் கண்டால் புத்தி பேதலித்துவிடும், மூக்கால் உழுதுகொண்டே ஓடுவான். மணியால் அது முடியாது. சாலையில் தூவுகிற உப்பு பாத வெடிப்பில் எரியும், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பான். அதனால் தினமும் காலையில் கொல்லைப்புறத்தில் அவனுக்காக ஒரு ஆள் அகலத்துக்குப் பாதை வெட்டினேன். மினியாபொலிஸில் டிசம்பர் மாதம் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அந்தப் பாதைதான் அன்றைக்கு நான் உருப்படியாய்ச் செய்த ஒரே வேலை என்று பல நாட்கள் தோன்றியிருக்கிறது.

நேர்காணல்களுக்கு நடுவே ஜன்னலோரம் உட்கார்ந்து பறவைகளைப் பார்த்தேன். சூரியகாந்தி விதை போட்டுத் தொங்கவிட்ட கூண்டுக்கு முதலில் வருவது சிக்கடீ. கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், எடை பதினோரு கிராம் சொச்சம். ஒரு விதையை எடுத்ததும் பறந்துவிடும். சிலதைத் தின்னும், சிலதை ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்றாக ஒளித்துவைத்து, பிறகு இடத்தை நினைவில் வைத்து எடுக்கும். பகலில் சேர்க்கிற கொழுப்பை அன்றைய இரவே எரித்துவிடும். கடும் குளிரில் உடம்பின் வெப்பத்தைப் பத்து டிகிரி வரை இறக்கிக்கொண்டு மரப்பொந்தில் தூங்கும். விடிந்தால் மறுபடி முதலிலிருந்து. நான் 60 நாளை ஒரேயடியாக யோசித்துத் தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா விருதுநகரிலிருந்து கூப்பிட்டாள்.

“நாய்க்காகவாடா இப்படி மண்டையப் போட்டு ஒடைக்கிற? யாருக்காவது குடுத்துட்டு வா. பொழப்பப் பாரு.”

“காக்காவுக்கு வைக்காம நீ என்னிக்காவது சாப்பிட்டிருக்கியாம்மா?”

“அது வேற, இது வேற” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், தனி ஆள். விஷயம் தெரிந்து ஒரு மாலை வந்தார். போக நேர்ந்தால் பெரியவனைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். நன்றி சொல்லிக் கதவைச் சாத்தியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை ‘போக நேர்ந்தால்’ என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது. மணி வந்து என் மடியில் தலையை வைத்தான். மூட்டு மருந்தின் வாடை அடித்தது. மனைவி எதுவும் கேட்கவில்லை, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

47ஆம் நாள், ஜனவரி 4. வெளியே மைனஸ் இருபது. அமரிலிஸின் முதல் மொட்டு விரிந்திருந்தது. ரத்தச் சிவப்பில், உள்ளங்கையைவிடப் பெரிய பூ. பூவுக்கு வேண்டிய உணவைக் கிழங்கு முன்பே தனக்குள் சேர்த்து வைத்திருக்குமாம், மண்கூட இரண்டாம்பட்சம்தான். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் படுத்திருந்தவனைப் பார்த்துவிட்டு, “அந்தப் பெருசுக்குக் கால்வலி தேவலயாடா?” என்று கேட்டாள்.

56ஆம் நாள் புதிய நிறுவனம் மனு போட்டது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. நான்கு நாள் மிச்சம் வைத்துத் தப்பித்தோம். அதற்குள் பூ வாடியிருந்தது. தண்டை வெட்டினேன், இலைகளை விட்டுவைத்தேன்.

“அடுத்த வருஷமும் பூக்குமா?” என்றாள் மனைவி.

“பூக்கும்னுதான் போட்டிருக்கு. கோடை முழுக்க வெளிய வெயில்ல வைக்கணும்.”

“அப்ப கோடை முழுக்க நாம இங்க இருக்கணும்” என்று சொல்லிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு பறவைக் கூண்டுக்கு விதை போடப் போனாள். மணி நான் வெட்டிய பாதையில் மெதுவாக அவள் பின்னால் நடந்தான்.