மூன்றாம் பிரதி

சுங்கச் சாவடியில் அமர்ந்திருந்த மத்தேயுவை ஆண்டவர் அழைத்தார். அவர் எழுந்து பின்சென்றார். நற்செய்தி நமக்குச் சொல்லுவது இவ்வளவே. அவர் மேசைமீது விட்டுச் சென்ற கணக்கேடுகள் என்னவாயின? வரி செலுத்தியவர்களிடம் அதற்குச் சான்று ஏதும் இருந்ததா? மறுநாள் அந்த இடத்தில் வந்து அமர்ந்தவன் செலுத்தியவர்களிடமே மீண்டும் வசூலித்தானா? இக்கேள்விகளை எந்த வேத விரிவுரையிலும் நான் கண்டதில்லை. கணக்கர்களின் பாதுகாவலரான அவரை மோட்சத்தில் சந்திக்கும்போது இதைத்தான் முதலில் கேட்பேன் என்று எங்கள் பங்கைச் சேர்ந்த வரி ஆலோசகர் ஒருவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பருக்குப் பின் அவர் அதை வேடிக்கையாகக் கூறுவதில்லை.

ஊரார் அவரை 'ஆடிட்டர்' என்றே அழைப்பர். அவரோ தாம் பட்டயக் கணக்கர் அல்லர் என்பதை ஒவ்வொரு முறையும் பணிவோடு எடுத்துச் சொல்லுவார். ரெயின்போ நகர்ப் பக்கம் தரைத்தளத்தில் ஓர் அறை, ஒரு கணிப்பொறி, ஓர் உதவியாளர்ப் பெண், இரும்பு அலமாரிகள் இரண்டு. இதுவே அவருடைய அலுவலகம். பலசரக்குக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் சொல்தா குடும்பத்தார் எனப் பலருடைய வரவு செலவும் அந்த அறைக்குள் அடங்கியிருந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுவையை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. அறைக்குள் இடுப்பளவு நீர் நின்றது. மேசைக்கடியில் இருந்த கணிப்பொறி மூழ்கிவிட்டது. அலமாரிகளின் கீழ்த்தட்டுகளும் மூழ்கின.

அவர் பிரதி எடுக்காதவர் அல்லர். வாரந்தோறும் வெள்ளி மாலையில் கணக்குகள் அனைத்தையும் ஒரு வெளித்தட்டில் நகல் எடுத்து வைப்பார். அந்தத் தட்டு அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது.

இழந்தவற்றுள் எவை மீண்டன என்பதையும் சொல்ல வேண்டும். துறைக்கு ஏற்கெனவே தாக்கல் செய்த படிவங்களை அரசின் வரித்தளத்திலிருந்து திரும்ப எடுக்க முடிந்தது. வங்கிகள் கணக்கு அறிக்கைகளை மறுபடியும் தந்தன. கிரயப் பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். ஆனால், படிவத்தில் எழுதிய எண்ணுக்கு அடிப்படையான பற்றுச்சீட்டுகளையும் கையெழுத்துக் குறிப்புகளையும் எங்கே போய்ப் பெறுவது? சரக்கு சேவை வரிச் சட்டமோ, ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கேடுகளைக் காத்து வைக்கச் சொல்லுகிறது. புயலுக்கென்று அதில் தனிப் பிரிவு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அவருடைய கட்சிக்காரர்களுள் ஒரு விதவைத் தாய். மகளின் திருமணக் கடனை அடைக்கத் தம் வீட்டை அவ்வாண்டில்தான் விற்றிருந்தார். கணவர் உயிரோடிருந்த காலத்தில் மாடி எழுப்பியிருந்தார்கள். அச்செலவுக்குச் சான்று காட்டினால் விற்பனை ஆதாயத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ளலாம், வரி குறையும். சிமெண்டு, கம்பி, மரம், கொத்தனார் கூலி ஆகியவற்றின் சீட்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கோத்துத் தகரப் பெட்டியில் போட்டு, "என்னிடம் இருந்தால் தொலைந்துபோகும், தம்பி" என்று சொல்லி அவரிடமே ஒப்படைத்திருந்தார். நீர் வடிந்தபின் அப்பெட்டியில் இருந்தது கூழ். கம்பிக் கடைக்காரர் பழைய சீட்டுப் புத்தகங்களை எறியாமல் பரண்மேல் வைத்திருந்ததால், கார்பன் தாளில் பதிந்த நகல்கள் சில கிடைத்தன. கொத்தனார் கூலிக்கு எந்தச் சான்றும் இல்லை. அந்த அம்மா கூடுதலாக வரி கட்ட வேண்டியதாயிற்று.

அந்தக் கூடுதல் தொகையைத் தாமே தருவதாக அவர் சொன்னார். அந்த அம்மா மறுத்தார். வழக்கு பங்கு இல்லத்திற்கு வந்தது. பணத்தை வாங்குவதற்காகச் சண்டையிடுவோரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். கொடுப்பேன், வாங்கேன் என்று இருவர் என் முன்னே வாதாடியது அபூர்வம். "தம்பியிடம் பணம் வாங்கினால் என் வீட்டுக்காரர் கனவில் வந்து கேட்பார், சாமி" என்றார் அம்மா.

குருமடத்தில் நாங்கள் பயின்ற அறநெறி இயலில் 'அடைக்கலப் பொருள்' என்று ஒரு பகுதி உண்டு. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைத் தன் பொருளுக்குக் காட்டும் கவனத்தோடு காக்க வேண்டும். மனச்சாட்சியின் முன் குற்றமாகாத தவறினால் அது அழிந்தால், ஈடு செய்யும் கண்டிப்பான கடமை இல்லை. இதன்படி அவர் கடன்பட்டவர் அல்லர் என்றே தீர்ப்புச் சொன்னேன். ஆனால் அவர் விடவில்லை. "என் பொருளையும் அதே இழுப்பறையில்தான் வைத்தேன், சாமி. அது கவனமா, கவனக்குறைவா?" என்று கேட்டார். நூலில் இல்லாத கேள்வி. அந்த அம்மாவின் கணக்கை இனிக் கட்டணமின்றிப் பார்ப்பதென அவரே முடிவு செய்துகொண்டார். நான் தடுக்கவில்லை.

அவருடைய வெள்ளிக்கிழமை நகலை நினைக்கும்போது பாரிசு மாநகரமே என் நினைவுக்கு வருகிறது. பிரான்சில் 1667ஆம் ஆண்டின் அரச ஆணை பங்குப் பதிவேடுகளை இரண்டு படிகளாக எழுதச் செய்தது. ஒன்று பங்கில் இருக்கும், மற்றொன்று நீதிமன்றத்துக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். பிற்காலத்தில் பாரிசு நகரத்தின் ஒரு படி நகர மன்றத்திலும், மறுபடி நீதி மாளிகையிலும் வந்து சேர்ந்தன. இரண்டும் ஒரே ஊர், நடந்தே போகக்கூடிய தொலைவு. 1871 மே மாதக் கலகத்தில் இரண்டு கட்டடங்களும் எரிந்தன. 1860க்கு முற்பட்ட பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் இரு படிகளிலும் சாம்பலாயின. குடும்பத் தாள்களையும் கோயில் ஏடுகளையும் கொண்டு பல ஆண்டுகள் உழைத்தும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே மீட்க முடிந்தது.

புதுச்சேரியின் ஏடுகளோ வேறு வகையில் காக்கப்பட்டன. 1776 சூன் மாதம் பதினாறாம் லூயி மன்னர், குடியேற்ற நாடுகளின் பொதுத் தாள்களுக்கென வெர்சாய் நகரில் ஒரு காப்பகம் நிறுவினார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகளுக்கு மூன்றாம் படி ஒன்று எழுதிக் கப்பலேற்ற வேண்டும். நொத்தேர்களின் பத்திரங்களுக்கும் நகல் போக வேண்டும் என்பது கட்டளை. 1761இல் ஆங்கிலேயர் இவ்வூரைத் தரைமட்டமாக்கி அப்போது 15 ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்றுள்ள சம்பா கோவிலும் அதற்குப் பின், 1791இல் முடிவு பெற்றதே. போர் ஒருபுறம் இருக்க, ஈரமும் கரையானும் உள்ள ஊர் இது. நாம் அறிந்த மேரி கட்டடமே 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழவில்லையா?

அந்த மூன்றாம் படி இன்று தென் பிரான்சின் எக்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நூறாண்டு கடந்த ஏடுகளை ஒளிப்படமாக்கி வலைத்தளத்திலும் வைத்துள்ளார்கள். பிற்காலத்துக்கு உரியவற்றை நாந்து நகரின் மையப் பதிவகத்தில் கேட்க வேண்டும். 1962 ஆகஸ்டு 16இல் ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பி எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஓர் எழுத்துப் பிழைக்காகவும் ஒரு தேதிக்காகவும் பங்கு அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதை நான் பார்க்கிறேன். நம் ஏட்டில் பூச்சி அரித்த இடத்தைச் சிலர் எக்ஸ் நகரத்துப் படியில் வாசித்துக்கொள்கிறார்கள். திருச்சபையும் இதை உணராமல் இல்லை. 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு, ஆண்டு முடிவில் பங்கேடுகளின் படியை ஆயரகத்துக்கு அனுப்புமாறு குருக்களைப் பணித்தது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் அந்தக் கட்டளை காணப்படவில்லை. அது இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

எரேமியா இறைவாக்கினர் அனத்தோத்து ஊர் நிலத்தைப் பதினேழு வெள்ளிச் செக்கேலுக்கு வாங்கியபோது, முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த படி ஒன்று என இரண்டும் எழுதப்பட்டதையும், நெடுநாள் இருக்கும்படி அவை மண்பாண்டத்தில் வைக்கப்பட்டதையும் இந்த ஆலோசகருக்குப் படித்துக் காட்டினேன். "ஒரே பாண்டத்திலா, சாமி?" என்றார் அவர். நான் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது அவர் மூன்று படிகள் வைக்கிறார். ஒன்று அலுவலகக் கணிப்பொறியில், ஒன்று மாடியில் தனித்தட்டில், ஒன்று கோயம்புத்தூரில் உள்ள மகள் வீட்டில். தட்டை நகலெடுக்கும் நேரத்துக்கு மட்டுமே இணைக்கிறார். எப்போதும் இணைந்திருக்கும் தட்டைக் கணிப்பொறிக்குள் புகும் திருடன் சேர்த்தே பூட்டிவிடுவான் அல்லவா? மாதம் ஒருமுறை பழைய கோப்பு ஒன்றை அந்தத் தட்டிலிருந்து திறந்து பார்க்கிறார். திறக்காத பிரதி இருக்கிறதென்று நம்புவதற்கில்லை என்கிறார். கடவுச்சொல் இன்றி எவரும் படிக்க முடியாதபடி எல்லாவற்றையும் மறைமொழியாக்கியும் வைத்திருக்கிறார். இதை நான்தான் வற்புறுத்தினேன். ஒருவருடைய வருமானமும் கடனும் தொழில்முறை இரகசியங்கள். படி ஒன்று கூடும்போது இரகசியம் கசியும் வழியும் ஒன்று கூடுகிறது. மகள் வீட்டு அலமாரிக்கும் இது பொருந்தும்.

சென்ற பெப்ருவரியில் அந்த அம்மா, புதிதாக வாங்கிய சிறு வீட்டின் கூரையைப் பழுதுபார்த்த சீட்டுகளோடு அவரிடம் போனாராம். அவர் ஒவ்வொன்றையும் அம்மாவின் கண்முன்னே படம் பிடித்து, சீட்டுகளை அடுக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். "அசல் உங்களிடமே இருக்கட்டும், அக்கா." அந்த அம்மாவுக்கு அதில் சற்று மனத்தாங்கல். இப்போது சீட்டுகள் வேறொரு பிஸ்கோத்துப் பெட்டியில், அவருடைய அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.