காயில் கட்டும் கடை

வாலாஜாபாத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் மாலைகளில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையொன்றின் முன் நின்றுவிடுவது என் வழக்கம். கருகிய கம்பியை நெருப்பிட்டு உருவுகிறார்கள். சூடு மிகுந்தால் இரும்புத் தகடுகளுக்கிடையிலான காப்புப்பூச்சு கெட்டுவிடும். பிறகு அதே வேலைக்கு மோட்டார் முன்னைவிட அதிக மின்சாரம் தின்னும். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. புதிய மூன்று ஃபேஸ் மோட்டார்கள் ஐஇ2 என்னும் திறன் வகுப்புக்குக் குறையலாகாது என்பது 2018 முதல் விதி. ஒரகடத்துப் பெருந்தொழிற்சாலைகளுக்கு அது சரி. சிறிய அரிசி ஆலைக்காரருக்கோ, எரிந்த மோட்டார் மறுநாளே ஓடியாக வேண்டும். புதியதற்குப் பணம் புரளாது. அவரைக் காப்பாற்றுவது இந்தக் கடைதான். மோட்டாரின் விலையைவிட அது ஆயுளில் குடிக்கும் மின்சாரத்தின் விலை பன்மடங்கு என்பதும் அவர் அறியாததல்ல. விதியோ விற்பனைக்கு வரும் மோட்டாரை மட்டுமே பார்க்கிறது. நெருப்பின் சூட்டை அளக்க இக்கடைக்கு ஒரு வெப்பமானியாவது கொடுத்திருக்கலாம்.