குழிக்கரையில் ஒரு பந்தி

சென்ற இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், 'வயலில் குழி எடுத்தபோது கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. வெளியே சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்களா?' என்று கேட்டிருந்தார். எனக்கும் அதே பயம் இருந்தது. அதனால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

வைகைக் கரையோரம் எங்களுக்குத் தென்னந்தோப்பும், அதை ஒட்டி 60 சென்ட் மானாவாரி நிலமும் இருக்கிறது. அந்த நிலத்தில் நிலக்கடலை போடுவோம். உழும்போதெல்லாம் ஓடு பெயர்ந்து வரும். நாலு வருடத்துக்கு முன்னால் தொல்லியல் குழுவினர் வந்து அகழாய்வுக்கு இடம் கேட்டார்கள். "கையெழுத்துப் போட்டா நெலம் போச்சுடா" என்று அண்ணன் சண்டைக்கு வந்தார். கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை.

குழுவில் வந்தவர்கள் பெரும்பாலும் படிக்கிற பிள்ளைகள். ஊரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கினார்கள். வெயிலுக்குப் பயந்து காலை ஆறு மணிக்கே குழியில் இறங்கிவிடுவார்கள். பத்து மணிக்கு டீயும் வடையும். ஒரு மணிக்குச் சாப்பாடு. அதன்பிறகு புளியமரத்து நிழலில் உட்கார்ந்து, தோண்டி எடுத்த ஓடுகளைப் பிரஷ்ஷால் கழுவிக் காய வைப்பார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பதினான்கு பேருக்கு அங்கே கூலி வேலை கிடைத்தது. எல்லோரும் காலங்காலமாக எங்கள் வயலில் நடவுக்கும் களைக்கும் வந்தவர்கள்.

குழிக்குள் யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் வைத்திருந்த முதல் விதி. ஒருநாள் நான் வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே குழியை எட்டிப் பார்த்தேன். ஒரு மாணவி ஓடி வந்து, "அய்யா, தோல் உள்ள விழுந்துறப் போகுது, இந்தப் பக்கம் வந்துருங்க" என்றார். காலம் கணிப்பதற்குக் கரித்துண்டும் கருகிய தானியமும்தான் ஆதாரம். இன்றைய குப்பை அதில் கலந்தால் எல்லாம் குழம்பிவிடும் என்றார். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் ஒரு ஈமக்குழிச் சாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்ததையும், அதன் காலம் கி.மு. 490 என்று கணித்ததையும் அவர்தான் சொன்னார். சிவகளையில் முதுமக்கள் தாழியில் இருந்த நெல் கி.மு. 1155 என்று முடிவு வந்திருக்கிறது. கீழடியில் கிடைத்த எலும்புகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தபோது மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் எல்லாம் இருந்ததாம்.

எங்கள் நிலத்தில் ஓர் அடுப்பு வந்தது. அந்தச் சாம்பல் மண்ணை அள்ளி வாளித் தண்ணீரில் கரைத்து, மிதந்து வந்ததை மெல்லிய சல்லடையில் வடிகட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கிற பதரைத் தள்ளிவிட்டு மூழ்கியதை எடுப்போம். இவர்கள் மூழ்கியதை விட்டுவிட்டு மிதந்ததை எடுத்தார்கள். "வெந்து சாப்பிட்டது எதுவும் நமக்குக் கிடைக்காதுய்யா. தவறி நெருப்புல விழுந்து கருகினதுதான் மிஞ்சும்" என்றார் அந்த மாணவி.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் உண்டு. மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். என் அப்பா காலத்து வழக்கம். நானும் அதை மாற்ற நினைத்ததில்லை. தோண்டுகிற இடத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒரு மணி ஆனதும் தார்ப்பாயை விரித்து, கேரியர், தூக்குச்சட்டி, எவர்சில்வர் டப்பா எல்லாவற்றையும் நடுவில் வைப்பார்கள். முகாம் சமையல்காரர் அனுப்பும் சாம்பார் சாதம் பிள்ளைகளுக்குச் சலித்துப் போயிருந்தது. பெண்கள் கொண்டுவரும் கம்மங்கூழுக்கும் கருவாட்டுத் தொக்குக்கும் போட்டி போடுவார்கள்.

ஒருநாள் அந்த மாணவி, எங்களிடம் முப்பது வருடமாக நடவுக்கு வரும் ஒரு அம்மாவின் தூக்குச்சட்டியிலிருந்து கூழை ஊற்றி என்னிடம் நீட்டி, "அய்யா, நீங்களும் ஒரு வாய் குடிங்க" என்றார்.

"அய்யா அதெல்லாம் குடிக்க மாட்டாங்க தாயி" என்றார் அந்த அம்மா.

கோபமோ குத்தலோ அந்தக் குரலில் இல்லை. மழை வராது என்று சொல்வதைப் போலச் சொன்னார். நான் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அந்தக் கை நட்ட நெல்லைத்தான் முப்பது வருடமாகத் தின்கிறேன். அந்தக் கை கரைத்த கூழுக்கு மட்டும் என் வயிற்றில் என்ன கோளாறு?

நாலைந்து நாள் கழித்து, ஒரு மணிக்கு நானாகப் போய்த் தார்ப்பாயில் உட்கார்ந்தேன். "ஏம்மா, எனக்குக் கூழ் இருக்கா?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு டம்ளரை இரண்டு தடவை கழுவி, ஊற்றிக் கொடுத்தார். அந்த இரண்டாவது தடவை கழுவியது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

என் அம்மாவுக்கு விஷயம் தெரிந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் கடைசிவரை தார்ப்பாய்க்கு வரவும் இல்லை. ஆனால் குழு கிளம்புகிற அன்று எல்லோருக்குமாகச் சேர்த்து ஆட்டுக்கறிச் சோறு ஆக்கியபோது, ஒரு குடம் மோர் கொடுத்தனுப்பினார். "அப்பத்தா, டம்ளர்?" என்று அந்த மாணவி கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். பிறகு உள்ளே போய், நாங்கள் புழங்குகிற டம்ளர்களையே எடுத்துக் கொடுத்தார்.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். என் நிலம் என் பெயரிலேயேதான் இருக்கிறது. ஓடு கிடைத்தால் மறைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். காசு, நகை போன்ற புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அகழாய்வுக்கு நிலம் கொடுத்தால் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, மூடும்போது அதையே மேலே போடச் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லத் தவறிவிட்டேன். அடிமண் மேலே வந்து, முதல் வருடக் கடலை சரியாக விளையவில்லை. இரண்டு மழைக்கு மண் படியவிட்டு, தொழுவுரம் போட்டு, சணப்பு விதைத்து மடக்கி உழுதேன். அடுத்த வருடத்திலிருந்து பழையபடி விளைகிறது. அண்ணனும் இப்போது பேசுகிறார்.

கொட்டகையில் இருந்த தட்டுகளில் இப்போது கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன. நடவுக்கு வருகிறவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த அம்மா மட்டும் இன்னும் வாசற்படியில்தான் உட்காருகிறார். ஒவ்வொரு தடவையும் மேலே வரச் சொல்கிறேன். "இருக்கட்டும்யா" என்கிறார். அதனால் நானும் என் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுகிறேன்.