மாட்டுக்கு ஒரு பிலிமா

என் மாமா ஸ்டுடியோ வைத்திருந்தார் என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் சந்துக்குள் ஒரு பக்கம் பனியன் கம்பெனி, மறுபக்கம் வாடகை சைக்கிள் கடை, இரண்டுக்கும் நடுவில் ஓர் அறை. அதையும் பலகை அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார். முன்பாதியில் நீலத் திரையும் ஒரு ஸ்டூலும். பின்பாதி டார்க் ரூம். பக்கத்துக் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின்கள் ஓட ஆரம்பித்தால் பலகை அதிரும், என்லார்ஜர் நடுங்கும், பிரிண்டில் முகங்கள் கலங்கிப் போகும். அதனால் பிரிண்ட் போடுகிற வேலையை மதியச் சாப்பாட்டு நேரத்திலும், ராத்திரி மிஷின்கள் நின்ற பிறகும்தான் வைத்துக்கொள்வார்.

எண்பதுகளில் அந்த ஸ்டுடியோவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கம்பெனிக்காரர்கள். சனிக்கிழமை சம்பளம். கையில் காசு விழுந்ததும், மதுரைப் பக்கமும் தேனிப் பக்கமும் இருந்து வேலைக்கு வந்த பையன்கள் தலையை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். படத்தை ஊருக்கு அனுப்ப வேண்டும். சனிக்கிழமை ராத்திரி முழுக்க மனித முகங்கள். மாமா அவற்றை ஈரம் சொட்டச் சொட்டக் கொடியில் மாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் யாஷிகா கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். சைக்கிள் பாரில் நான். லென்ஸைத் துடைக்கப் பக்கத்துக் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட், நல்ல மெத்தென்ற வெள்ளைத் துணியாகப் பார்த்துப் பொறுக்கி என் பாவாடைப் பையில் வைத்திருப்பேன்.

அவர் எடுக்கப் போவது மனிதர்களை அல்ல. மாடு, ஆடு, வேலி, இடிந்த மண்டபம், நட்டுவைத்த கல். வீட்டில் அம்மாவுக்கு இது பிடிக்காது. "கலியாணத்துக்கு எடுத்தா காசு வரும். காட்டுல நிக்கற மாட்ட எடுத்து ஆருக்குடா விப்பே?" என்று தம்பியைத் திட்டுவாள். அதில் நியாயம் இருந்தது. ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான். ரோல் நமக்கு ஊட்டியிலிருந்தே வந்தது. 1960இல் மத்திய அரசு அங்கே தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம். மலைமேல் செய்த பொருளானாலும் எங்கள் வீட்டுக் கணக்கில் அது காசுதான்.

முதலில் நினைவுக்கு வருவது சர்க்கார் பெரியபாளையம். ஊத்துக்குளி ரோட்டில் போனால் சுக்ரீஸ்வரர் கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற கற்கோயில். சுக்ரீவன் வந்து சிவனைப் பூசித்த இடம் என்பார்கள். பழைய பெயர் குரக்குத்தளி. அன்றைக்கு அங்கே கூட்டம் கிடையாது. சுற்றிலும் புல், புல்லில் மேய்கிற வெள்ளாடுகள், கல்லின் இடுக்குகளில் ஓணான். மாமாவுக்கு அந்தக் கோயிலின் நந்திகள்மேல் தனிப் பிரியம். அங்கே இரண்டு நந்தி. முன்னால் இருப்பதற்குக் காதும் கொம்பும் இல்லை. ராத்திரியில் நந்தி எழுந்து போய்ப் பக்கத்துக் காட்டில் வெள்ளாமையை மேய்ந்ததாம். காட்டுக்காரர் ஆத்திரத்தில் கொம்பையும் காதையும் அறுத்துவிட்டார். விடிந்து பார்த்தால் கோயிலில் கல் நந்திக்குக் காதைக் காணோம். பதறிப்போய்ப் புதிதாக ஒரு நந்தி செய்து முன்னால் வைத்தார்கள். மறுநாள் பழைய நந்தியே முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. கதை அவ்வளவுதான்.

"சாமி வாகனமா இருந்தாலும் அடுத்தவன் காட்டுல மேஞ்சா அறுப்புத்தான் அம்மிணி. கொங்கு நாட்டுல வேலிக்கு அத்தன மருவாதி" என்று மாமா சிரிப்பார். அந்த நந்தியை அவர் எடுத்த படத்தில், அதன் முதுகுக்குப் பின்னால் உயிருள்ள வெள்ளாடு ஒன்று காதைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது அப்படி வந்து நிற்கும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தோம். ஆட்டை விரட்டிக்கொண்டு வந்து நிறுத்தலாமே என்று கேட்டேன். "வெரட்டுனா ஆடு வரும், காது வராது" என்றார். பயந்த ஆடு காதை மடக்கிக்கொள்ளும் என்பதை நான் கவனித்ததே அப்புறம்தான்.

காங்கேயம் பஸ்ஸில் ஏறிப் படியூர் தாண்டிவிட்டால் கொரங்காடு. பார்க்கிறவர்களுக்குச் சும்மா கிடக்கிற பொட்டல் மாதிரி இருக்கும். கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளோடு நெருங்கி நிற்கிற கிளுவை வேலி. மூன்றையும் மனிதர்கள்தான் வைத்துக் காப்பாற்றினார்கள். மழை குறைந்த மண்ணில் உழவு நிற்காது, புல் நிற்கும். புல் நின்றால் மாடு நிற்கும். நிலத்தைத் துண்டு துண்டாக வேலி போட்டுப் பிரித்து, ஒன்றில் புல் தீர்ந்தால் படலைத் திறந்து அடுத்ததில் ஓட்டுவார்கள். மேய்க்க ஆள் வேண்டாம். ராப்பகலாக மாடுகள் உள்ளேயே கிடக்கும். வெயில் காலத்தில் வெள்வேலங்காய் உதிர, செம்மறிகள் பொறுக்கித் தின்னும். இத்தனையையும் மாமா பாடமாக நடத்தவில்லை. எந்தப் பக்கம் நின்றால் வேலியும் மரமும் மாடும் ஒரே சதுரத்துக்குள் அடங்கும் என்று தேடித் தேடி நடப்பார். பின்னால் போன எனக்கு எல்லாம் தானாகப் புரிந்தது.

யாஷிகாவில் இரண்டு கண். ஒன்றில் பார்ப்பது, மற்றொன்றில் எடுப்பது. கண்ணருகே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்து மேலிருந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். மாடு கிழக்கே நகர்ந்தால் கண்ணாடியில் மேற்கே நகரும். பழகாதவர்கள் தவித்துப் போவார்கள். மாமாவோ அதுவே மாட்டுக்கு ஏற்ற கேமரா என்பார். காளையை முறைத்துப் பார்த்தால் அது தலையை ஆட்டும். குனிந்து நிற்கிற ஆளை அது சட்டை செய்யாது. அதோடு, அவர் வயிற்று உயரம்தான் என் கண் உயரம். மாமா எடுத்த படங்களில் காளைகள் அப்படி ஓங்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். நான் நிமிர்ந்து பார்த்த காளைகள் அவை.

காங்கேயம் மாட்டின் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்று செவலையாகப் பிறக்கும். ஆறு மாதத்தில் வெளுக்க ஆரம்பித்து மயிலையாகிவிடும். காயடிக்காமல் பூச்சிக்காளையாக விட்டால் கழுத்து, திமில், தொடை எல்லாம் ஏறக்குறையக் கறுத்துவிடும். காயடித்தால் அந்தக் கறுப்பு வெளிறிப்போகும். இந்த இனத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்து மேம்படுத்தியவர் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். வெள்ளையும் சாம்பலும் கறுப்பும் ஒரே உடம்பில் இறங்கியிருக்கிற அந்தக் காளைக்குக் கலர் பிலிம் எதற்கு? கறுப்பு வெள்ளையில் அது குறைவில்லாமல் வந்து நின்றது. ஒன்றே ஒன்று, உச்சி வெயிலில் எடுத்தால் முதுகு வெளிறிப்போய்த் தோலின் மடிப்பெல்லாம் மறைந்துவிடும். அதனால் காலை ஒன்பதுக்குள் முடித்தாக வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடிக்க அம்மா எங்களைத் திட்டிக்கொண்டே எழுப்புவாள்.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தை. புழுதி, கழுத்துமணி, கரும்புச் சாறு. தரகர்கள் துண்டுக்குக் கீழே விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். மாமா அந்தத் துண்டைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு பெரியவர் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங் தம்பி, ஆளப் புடிச்சாலே காசு செலவு. மாட்டுக்கு ஒரு பிலிமாங்?" மாமா சொன்னார்: "ஆளு நாளைக்கும் ஸ்டுடியோவுக்கு வருவாருங்க. இது இன்னைக்கு வித்துப் போயிருமுங்க." பெரியவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் காளையின் மூக்கணாங்கயிற்றை இழுத்துத் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்ட ஆரம்பித்த பிறகு அங்கேயும் போனோம். பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் அதுதான் என்று பேச்சு. கல்மணிகள், பழைய ஈமக்குழிகள், ஆள் உயரத்துக்கு மேலே நட்டு நிற்கிற கற்கள். எனக்குப் பிடித்தது, அந்தக் கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்ற எருமை. தேய்த்துத் தேய்த்து அந்த உயரத்தில் கல் வழவழவென்று ஆகியிருந்தது. மாமா அந்த வழவழப்பு தெரிகிறபடி வெளிச்சம் சாயும்வரை காத்திருந்து எடுத்தார்.

நான் பெரியவளானதும் சைக்கிள் பார் நின்றுபோனது. சீருக்குத் தாய்மாமனாகத் தட்டெடுத்து வந்தவரே போட்டோவும் எடுத்ததால், அந்த ஆல்பத்தில் எந்தப் படத்திலும் மாமா இல்லை. ஆனால் டார்க் ரூமுக்குள் போக யாரும் தடை சொல்லவில்லை. சிவப்பு விளக்கில், டெவலப்பர் தட்டில் வெள்ளைக் காகிதத்தை ஆட்ட ஆட்ட முதலில் கொம்பு வரும், அப்புறம் திமில், கடைசியில் புல். ஹைப்போவில் போட்டு எடுத்தபின் கழுவுவதுதான் பெரும்பாடு. திருப்பூர் நிலத்தடித் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் நெகட்டிவில் பொட்டுப் பொட்டாகக் கறை நிற்கும். குழாயில் என்றைக்கோ வருகிற மேட்டுப்பாளையம் தண்ணீரில் ஒரு குடம் கடைசி அலசலுக்கென்று எடுத்துவைப்போம். குடிக்கிற தண்ணியை மாட்டுப் போட்டோவுக்கு ஊற்றுகிறார்கள் என்று அத்தை அதற்கும் சண்டை பிடிப்பாள்.

அந்தப் படங்களுக்கு மதிப்பு வந்தது கம்பெனிக்காரர்களால். எங்கள் ஊர் முதலாளிகளில் நிறையப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்காடுகளிலிருந்து வந்தவர்கள். கிணறு வற்றி, மாட்டை விற்று, நாலு மிஷின் போட்டு மேலே வந்தவர்கள் அதில் உண்டு. அப்படி ஒருவர் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர், சுவரில் இருந்த காளையைப் பார்த்து நின்றுவிட்டார். அவருடைய அப்பாவின் பூச்சிக்காளையாம் அது. எப்போதோ கைமாறிப் போயிருந்தது. பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லி, ஆபீஸில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். அதன்பிறகு அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மாட்டை வைத்துப் பிழைத்தவர்கள் மிஷினை வைத்துப் பிழைக்க வந்த பிறகு, மாட்டைப் படமாக வாங்கினார்கள். அம்மா அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

காளைக்கு உண்மையாக இருந்த கறுப்பு வெள்ளை, ஆற்றுக்கு அப்படி இல்லை. ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் பெருகின. நொய்யலில் ஒரு நாள் சிவப்பு ஓடும், ஒரு நாள் பச்சை. சந்தையில் என்ன கலர் ஆர்டர் ஓடுகிறது என்று ஆத்துப் பாலத்தில் நின்றே சொல்லிவிடுவார்கள். ஆனால் மாமாவின் படங்களில் நொய்யல் வெள்ளியாக மின்னும். கரையில் எருமைகள், பின்னால் பனைமரங்கள், பளபளவென்று தண்ணீர். தெரியாதவர்கள் பார்த்தால் எத்தனை நல்ல ஆறு என்பார்கள். மாமாவுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் மாதம், ஊர், யாருடைய காடு என்று பென்சிலில் எழுதுவது அவர் வழக்கம். ஆற்றுப் படங்களில் இன்னொரு சொல்லும் சேர்ந்தது. 'ஆடி. பாலத்துக்கு மேக்க. தண்ணி ரோஸ்.' 'தை. தண்ணி காக்கி.' 'மாசி. தண்ணி கறுப்பு, நுரை.'

1992இல் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக்கழிவு வந்து தேங்கியது. கீழே இருந்த வெள்ளாமை கெட்டது. விவசாயிகள் நீதிமன்றப் படி ஏறி இறங்கி, கடைசியில் 2011 ஜனவரியில்தான், கழிவைச் சுத்தமாக நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆறு எந்த மாதம் என்ன நிறத்தில் ஓடியது என்பதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் சாட்சி, அந்தப் படங்களின் முன்பக்கம் அல்ல, முதுகு.

இப்போது மாமா இல்லை. ஊட்டி பிலிம் தொழிற்சாலையும் மூடிவிட்டது. படியூர்ப் பக்கம் கிளுவை வேலி இருந்த இடங்களில் கம்பிவேலியும் 'சைட் விற்பனைக்கு' போர்டுகளும். அதே சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டிய நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய பெரிய லென்ஸோடு பிள்ளைகள் வருகிறார்கள். மாமாவுக்குக் கனவிலும் கிடைக்காத கருவிகள். தேதியையும் இடத்தையும் கேமராவே குறித்துக்கொள்கிறது. ஆனாலும் யாருடைய காடு, மழை பெய்ததா, தண்ணீர் நாறியதா, அந்த மாட்டை யார் யாருக்கு விற்றார்கள் என்பதைக் கேட்டு எழுதிவைக்க இன்னும் ஒரு ஆள் வேண்டும். படம் நன்றாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டுகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, மாட்டுக்காரரிடம் என்ன பேசினாய் என்றுதான்.