கே-பாப்பில் சோதனை முயற்சி: எங்கே தொடங்குவது?

கே-பாப் எனப்படும் கொரிய பாப் இசையைக் கேட்கத் தொடங்குபவருக்கு இனிமையான பாட்டைத்தான் முதலில் தர வேண்டும் என்பார்கள். கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழுவின் ‘ஐ காட் எ பாய்’ (2013) பாடலை முதலில் தரச் சொல்வேன் நான். நிதானமான ஹிப்-ஹாப்பாகத் தொடங்கும் பாட்டு, நடுவில் ஒரு குரல் நிறுத்தச் சொன்னதும் மின்னணு நடன இசையாகப் பாய்ந்து, பிறகு பழைய வேகத்துக்கே திரும்புகிறது. சரணம், பல்லவி என்று காது எதிர்பார்க்கும் ஒழுங்கைக் கலைத்துப் போடும் இப்பாட்டு, யாரும் அறியாத குழு ஒன்றின் வெளியீடல்ல; கொரியாவின் உச்ச நட்சத்திரங்களான ஒன்பது பெண்கள் பாடியது. கே-பாப்பின் சோதனை முயற்சி ஓரங்களில் அல்ல, நடுமேடையில் நடக்கிறது. புதியவர் அறிய வேண்டியது இதைத்தான்.

நான்கைந்து பாட்டுத் துண்டுகளை ஒட்டினால் புதுமையாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒட்டு தெரிகிறதுதான், ஆனால் அதை மறைக்காமல், கேட்பவரின் கவனத்தைப் பிடிக்கும் இடமாகவே மாற்றியிருக்கிறார்கள். எஸ்பா குழுவின் ‘நெக்ஸ்ட் லெவல்’ (2021) ஓர் ஆங்கிலத் திரைப்பாடலின் மறு ஆக்கம். அதிலும் நடுவே தாளம் மாறும் இடம்தான் பாட்டின் உயிர். நிறுவனங்கள் தயாரிக்கும் இத்தகைய பாட்டுகளில் கலை எங்கே என்பது அடுத்த கேள்வி. பல நாட்டு இசையமைப்பாளர்களைச் சேர்த்து எழுதவைக்கும் அந்த நிறுவன முறையிலிருந்துதான் இந்தக் கலவையே பிறக்கிறது. சத்தம் மிரட்டினால், எஃப்(எக்ஸ்) குழுவின் ‘4 வால்ஸ்’ (2015) கேளுங்கள்: ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசையின் தாளம், அடங்கிய குரல்கள், எங்கும் அவசரமில்லை.